பெண்ணுறுப்புப் புற்றுநோய்க்குப் பிறகு ஆசனவாய்: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்குப் பெண்குறியின் வெளி இதழில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது. இப்போது ஆசனவாயையும் பார்க்கச் சொல்கிறார்களே?

பதில்: உறுப்புதான் வேறு, வைரஸ் பல சமயம் ஒன்றே. ஆசனவாய்ப் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பது ஹெச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸால் வருவது. பெரும்பாலும் 16ஆம் வகை. பொதுவாக ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். வெளி இதழில் புற்று வந்த பெண்களில் அது ஏறக்குறைய 48, கருப்பைவாய்ப் புற்று வந்தவர்களில் 9. அதனால்தான் சர்வதேச ஆசனவாய் நியோபிளாசியா சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், வெளி இதழ் என்றால் கண்டறிந்த ஓராண்டுக்குள் ஆசனவாய்ப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறது. கருப்பைவாய், யோனி என்றால் 45 வயதிலிருந்து, டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம்.

கேள்வி: பரிசோதனையில் என்ன செய்வார்கள்?

பதில்: முந்தின 24 மணி நேரம் எனிமா, உள்ளே வைக்கும் மாத்திரை எதுவும் கூடாது. தண்ணீரில் நனைத்த டாக்ரான் (செயற்கை இழை) சுற்றிய குச்சியை 4, 5 செ.மீ. உள்ளே விட்டு, சுவரில் அழுத்திச் சுழற்றியபடி மெதுவாக வெளியே எடுப்பார்கள். அதன் பிறகுதான் விரல் பரிசோதனை. விரலில் தடவும் ஜெல் முதலில் பட்டால், குச்சியில் எடுக்கும் செல்கள் கெட்டுவிடும். செல்களில் மாற்றம் தெரிந்தால் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி, உருப்பெருக்கி வழியாகப் பார்த்து, வெளுத்த இடத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள் (பயாப்சி). இந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. இல்லாத ஊரில் விரல் பரிசோதனையையாவது விடாதீர்கள்.

கேள்வி: மலத்தோடு ரத்தம். மூலம்தானே?

பதில்: நீங்களே பெயர் வைக்காதீர்கள். கட்டி, வலி, அரிப்பு, ரத்தம் எல்லாம் மூலத்திலும் வரும், புற்றிலும் வரும். டாக்டர் விரல் வைத்துப் பார்க்காமல் களிம்பு வாங்காதீர்கள்.

கேள்வி: பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்த்த கொலனோஸ்கோபி நார்மல். போதாதா?

பதில்: போதாது. அந்தக் குழாய் ஆசனவாயை நொடியில் கடந்துவிடும்.

கேள்வி: பின்வழி உறவே இல்லாத பெண்ணுக்கு இது எப்படி வரும்? குடும்பத்தில் சண்டை மூட்டாதீர்கள்.

பதில்: சண்டைக்கே இதில் இடமில்லை. தோலோடு தோல் பட்டாலே ஹெச்பிவி பரவும். விரல் வழியாகவும், பக்கத்துத் தோலிலிருந்தும் போகலாம். பின்வழி உறவே இல்லாத பெண்களின் ஆசனவாயிலும் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் கணவரிடமிருந்து வந்ததா, முன்பே வந்ததா?

பதில்: எந்தப் பரிசோதனையும் அதைச் சொல்லாது. வைரஸ் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடக்கும். இன்றைய ரிப்போர்ட்டை வைத்து யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. இதே கேள்வி இன்னும் நான்கு வந்திருக்கிறது; நான்குக்கும் இதுதான் பதில்.

கேள்வி: இப்போது தடுப்பூசி போட்டால்?

பதில்: ஏற்கெனவே இருக்கும் தொற்றை அது ஆற்றாது.

கேள்வி: எனக்குக் கருப்பைவாய்க்கு ரேடியேஷன் கொடுத்தார்கள். ஆசனவாயில் வந்தால் அதே சிகிச்சையா?

பதில்: நல்ல கேள்வி. 1974இல் அமெரிக்க அறுவை மருத்துவர் நைக்ரோ காட்டிய வழியில் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலோருக்கு ஆசனவாயை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் இடுப்புப் பகுதி முன்பே முழு டோஸ் வாங்கியிருந்தால் மறுபடி கொடுப்பது கடினம். அப்போது ஆசனவாயை எடுத்துவிட்டு, வயிற்றில் நிரந்தரப் பை வைக்க நேரலாம். எத்தனை கிரே (ரேடியேஷன் அளவு), எந்தப் பகுதிக்கு என்று எழுதிய பழைய ரேடியேஷன் சம்மரியைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கேள்வி: மூலக் களிம்பு எது நல்லது?

பதில்: மேலே, ரத்தம் பற்றிய கேள்வியில் சொன்னதுதான்.