டிஜிட்டல் சொத்து மேலாண்மை வேலைக்கு எப்படி வருவது? கேள்விகளும் பதில்களும்

நூலக அறிவியல் முடித்திருக்கிறேன். இந்தத் துறைக்கு வர கோடிங் கட்டாயமா?

தொடக்கத்தில் தேவையில்லை. ஒரு நிறுவனத்தின் படங்கள், காணொளிகள், ஆவணங்கள் போன்ற கோப்புகளைத் தேடினால் கிடைக்கும்படி ஒழுங்குபடுத்தி வைப்பதுதான் டிஜிட்டல் சொத்து மேலாண்மை. வேலையின் முக்கியமான பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு ஜவுளிக்கடையின் விளம்பரப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். யார் எடுத்தது, எந்த ஊடகத்தில் பயன்படுத்தலாம், மாடலோடு போட்ட ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்பதையெல்லாம் படத்தோடு சேர்த்துப் பதிந்து வைப்பதுதான் மெட்டாடேட்டா. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூல்களை வகைப்படுத்த 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் ஒரு விஷயத்தைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தார். இணையக் கடையில் நிறம், அளவு, விலை என்று வடிகட்டித் தேடுகிறோமே, அதற்கும் அடிப்படை அந்தச் சிந்தனைதான். இதை நேர்காணலில் தயங்காமல் சொல்லுங்கள்.

அனுபவம் இல்லாமல் யார் வேலை தருவார்கள்?

அனுபவத்தை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். டிஸ்பேஸ், ரிசோர்ஸ்ஸ்பேஸ் இரண்டும் இப்படிப்பட்ட கோப்புகளைச் சேமித்துத் தேட உதவும் திறமூல மென்பொருள்கள், அதாவது யாரும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். ஒன்றை நிறுவி, ஊர்ச் சங்கத்தின் பழைய படங்களையோ விழா மலர்களையோ அனுமதி வாங்கி ஏற்றுங்கள். விவரங்களைப் பதிய, டப்ளின் கோர் என்ற மெட்டாடேட்டா தரநிலையின் 15 அடிப்படைப் புலங்களே (தலைப்பு, படைப்பாளர், தேதி போன்றவை) போதும்.

சிக்கல் பெயர்களில் ஆரம்பிக்கும். உ.வே.சா., சாமிநாதையர், சாமிநாத ஐயர் என்று மூன்று விதமாகப் பதிந்தால் தேடுபவருக்கு மூன்று வேறு ஆட்கள் கிடைப்பார்கள். ஒரு வடிவத்தை முதன்மையாக வைத்து மற்றவற்றை அதனோடு இணைக்க வேண்டும். அப்புறம் எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்த பழைய கோப்பு திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடு. யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் தமிழில் தேடினால் வராது. இந்த இரண்டையும் எப்படித் தீர்த்தீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு அனுப்புங்கள். ஒரு சான்றிதழைவிட நான் அதைத்தான் முதலில் படிப்பேன்.

ஐ.டி. சப்போர்ட்டில் இருக்கிறேன். அறிவு மேலாண்மைக்கு மாற முடியுமா?

தாராளமாக. ஊழியர்களுக்குத் தெரிந்ததைத் திரட்டி மற்றவர்களுக்கும் பயன்படும்படி வைப்பதுதான் அறிவு மேலாண்மை. திரும்பத் திரும்ப வரும் டிக்கெட்டுகளுக்கு, அதாவது உதவி கேட்டு வரும் பதிவுகளுக்கு, தெளிவான தீர்வுக் குறிப்பு எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரும் மறுபார்வைத் தேதியும் இருக்கட்டும். பழசாகிப்போன குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட ஆபத்து. ஓய்வு பெறப்போகும் மூத்தவரிடம் "தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள்" என்றால் ஒன்றும் வராது. "போன தடவை சர்வர் நின்றபோது முதலில் எதைப் பார்த்தீர்கள், ஏன்?" என்று கேளுங்கள், கொட்டுவார். இத்துறைக்கு ஐ.எஸ்.ஓ. 30401 என்ற தரநிலை 2018-இல் வந்திருக்கிறது. மேலாளரிடம் பேசும்போது கைகொடுக்கும்.

ஏ.ஐ. தானாகவே படங்களுக்கு டேக் (அடையாளச் சொல்) போடுகிறதே, இந்த வேலை நிலைக்குமா?

"பெண், புடவை, கோயில்" என்று அது போட்டுவிடும். அந்தப் படத்தை இனியும் அச்சிட நமக்கு உரிமை இருக்கிறதா என்பது படத்திலேயே இல்லை. ஒப்பந்தத்தைப் பார்த்து யாராவது பதிந்திருக்க வேண்டும். டேக் தட்டும் வேலை குறையும், எந்தெந்தச் சொற்களை டேக்காகப் போடலாம் என்ற சொற்பட்டியலை வகுப்பதும் உரிமைகளைச் சரிபார்ப்பதும் கூடும் என்பது என் கணிப்பு.

நேர்காணலில் "50,000 படங்கள் குப்பையாகக் கிடக்கின்றன, என்ன செய்வீர்கள்?" என்றார்கள். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

ஃபோல்டர் அமைப்பைப் பற்றிப் பேச ஆரம்பிக்காமல், யார் தேடுகிறார்கள், என்ன சொல் போட்டுத் தேடுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். அதோடு, காப்புப் பிரதி எடுக்கும்வரை ஒரு படத்தையும் அழிக்கமாட்டேன் என்றும்.