பல் பிடுங்கிய பிறகு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பதினோரு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

கேட்டவருக்குப் பாலக்கோடு பக்கம் ஊர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு பல் டாக்டர் அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆண்டிபயாடிக்கும் இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையும் எழுதியிருக்கிறார். "மாத்திரை முடியற வரைக்கும் புள்ளைக்குப் பால் குடுக்காத" என்கிறாராம் மாமியார்.

தாராளமாகக் கொடுங்கள். நான் காவேரிப்பட்டணத்தில் மெடிக்கலில் பார்மசிஸ்ட். இந்தக் கேள்வி எங்கள் கவுண்டருக்கு ஓயாமல் வரும்.

இபுப்ரோஃபென் பாலில் இறங்குவது மிகக் கொஞ்சம். அமாக்சிசிலினை உங்கள் குழந்தைக்கே காய்ச்சல் வந்தால் சிரப்பாக எழுதுவார்கள். அந்த சிரப்பில் இருப்பதில் ஒரு துளிதான் பால் வழியாகப் போகும். குழந்தைக்கு மலம் கொஞ்சம் இளக்கமாகப் போகலாம், வாயில் வெள்ளை படிகிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். மெட்ரோனிடசோல் மற்ற இரண்டையும் விடக் கூடுதலாக இறங்கும், பால் லேசாகக் கசந்து குழந்தை முகம் சுளிக்கலாம். ஒரே வேளையில் 2 கிராம் விழுங்கச் சொன்னால்தான் சில டாக்டர்கள் 12 முதல் 24 மணி நேரம் பாலை நிறுத்தச் சொல்வார்கள். பல்லுக்கு எழுதுவது அப்படி இல்லை. பல் எடுக்கும்போது போட்ட மரப்பு ஊசியாலும் பயமில்லை.

பச்சைக்குழந்தை என்றால் நானே ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிப்பேன். ஈரலும் சிறுநீரகமும் முழுசாகப் பழகியிருக்காது, சாப்பாடும் பால் மட்டும்தான். பால் வழியாக மருந்து போய்த் தொந்தரவு வந்ததாகப் பதிவானவை பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைகளில்தான். ஆறு மாதம் தாண்டியபின் மிக அபூர்வம். உங்கள் பிள்ளை இந்நேரம் ராகிக் கூழும் இட்லியும் சாப்பிடுவான்.

நான் பயப்படுவது சீட்டில் எழுதியதைப் பார்த்து இல்லை, 'செட்'டைப் பார்த்து. "வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் அட்டையிலிருந்து கத்தரித்த மூன்று நான்கு மாத்திரையைக் காகித உறையில் போட்டுக் கொடுக்கிற கடைகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. வெட்டிய துண்டில் பெயர் பாதி போயிருக்கும், தேதி இருக்காது. சில செட்டில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். நாளைக்குக் குழந்தை மயங்கிக் கிடந்தால் டாக்டரிடம் என்ன மாத்திரை என்று சொல்வீர்கள்? அட்டையோடு கேளுங்கள், பில்லும் கேளுங்கள். 'பால் குடுக்கிறேன்' என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வலி தாங்கவில்லை என்று யாராவது ட்ரமடால் கலந்ததைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிலர் உடம்பில் அது மளமளவென்று வீரியமான பொருளாக மாறிப் பாலில் இறங்கும். குழந்தைக்கு அளவுக்கு மீறிய தூக்கம், மூச்சுத் திணறல் வரை போகும். இருமல் மருந்தில் வரும் கோடீனும் இதே கதை. இரண்டையும் பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டாம் என்று 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஆஸ்பிரினையும் வலிக்கென்று எடுக்காதீர்கள். நிமசுலைடு என்ற வலி மாத்திரை நம் நாட்டில் 12 வயதுக்குக் கீழ் 2011லிருந்தே தடை, அதனால் பால் கொடுப்பவர்களுக்கு நான் எடுத்துத் தருவதில்லை. சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் பால் குறையலாம்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவர் காலத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் திடீரென்று பாலை நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும், காய்ச்சல் வரும், சீழ் வைத்தால் அதற்குத் தனியாக ஆண்டிபயாடிக் சாப்பிட வேண்டும். பல் டாக்டரிடம் மறுபடி போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும்.

வலிப்பு, தைராய்டு, மனநலம் என்று வேறு மாத்திரை ஏற்கனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் அதைப் பல் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சும்மா சந்தேகம்தான் என்றால் 104க்குப் போன் போட்டு மாத்திரைப் பெயரையும் பிள்ளை வயதையும் சொல்லிக் கேட்கலாம்.