விளையாட்டுச் சிகிச்சையால் பிள்ளைகளின் கோபமும் முரட்டுத்தனமும் உண்மையில் குறையுமா?

உங்கள் ஏழு வயது மகள் பள்ளியில் மற்ற பிள்ளைகளை அடிக்கிறாள், மருத்துவர் விளையாட்டுச் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்கிறார், பணம் கட்டி விளையாட விடுவதற்குப் பெயர் சிகிச்சையா என்று கேட்டிருக்கிறீர்கள். 2019-இல் தஞ்சாவூரில் ஒரு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு நானும் இதையேதான் நினைத்தேன். குறையும் என்பது என் அனுபவம்.

நாங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் அடித்தபோது வீட்டு ஓடுகள் பறந்தன. விடிந்து பார்த்தால் எண்பது தென்னையில் ஏழுதான் நின்றன. கடனை அடைக்க வேறு வழியில்லாமல் மூன்று மாதத்தில் என் கணவர் சிங்கப்பூர் போனார். அப்போது மகனுக்கு ஆறு வயது. அவர் போன பிறகுதான் எல்லாம் தொடங்கியது. பக்கத்தில் உட்காரும் பையனைக் கடித்தான், தட்டை வீசினான், விட்டுப்போயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பி வந்தது. பயந்த கோளாறு என்று மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். பள்ளியில் முட்டி போட வைத்தார்கள். நான் தினமும் “காற்றைக் கண்டால் பயமா, கண்ணு?” என்று கேட்டேன். வாயே திறக்க மாட்டான். பிடிவாதம் என்று நினைத்து இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன். கேட்டதற்குப் பதில் சொல்லும் சொற்கள் அந்த வயதில் அவனிடம் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் தஞ்சாவூரில் விளையாட்டுச் சிகிச்சைக்கு அழைத்துப் போனேன். அந்த அறையில் சொப்புச் சாமான், அப்பா அம்மா பிள்ளை பொம்மைகள், பாம்பு, முதலை, பஸ், களிமண், ஒரு பெரிய தட்டு நிறைய மணல் எல்லாம் இருந்தன. முதல் நாள் என் புடவைத் தலைப்பை விடாததால் என்னையும் உள்ளே உட்கார வைத்தார்கள். கால் மணி நேரம் சும்மா நின்றவன், திடீரென்று இரும்புக் கார் ஒன்றை எடுத்து, சிகிச்சை தரும் மேடத்தின் முகத்துக்கு நேரே ஓங்கினான். நான் எழுந்துவிட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “உனக்கு ரொம்பக் கோபம் வருகிறது. ஆனால் என்னை அடிக்கக் கூடாது. அந்தத் தலையணையை அடிக்கலாம்” என்றார். அவன் தலையணையைக் கைவலிக்கும் வரை அடித்தான். கோபத்தை ஏற்றுக்கொள்வது, எல்லையைச் சொல்வது, உடனே வேறு வழியைக் காட்டுவது என்ற அந்த மூன்றையும் நான் பிறகு வீட்டில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

வெர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1947-இல் இந்த முறைக்கு எட்டு விதிகள் எழுதினார். பிள்ளை முன்னே போகட்டும், பெரியவர் பின்னே போகட்டும், அவசரப்படுத்தாதீர்கள் என்பவை அவற்றில் அடக்கம். கேட்கச் சுலபம், செய்வது கடினம். மணலில் வீடு கட்டும் பிள்ளையிடம் “வாசல் எங்கே?” என்று கேட்காமல் நம்மால் இருக்க முடிவதில்லை. 2005-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 93 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சிகிச்சை பெற்ற பிள்ளைகளிடம் நல்ல முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னது. பெற்றோரே பயிற்சி பெற்றுச் செய்தபோது பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த முறை 1960-களிலேயே தொடங்கிவிட்டது. எனக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஞாயிறுதோறும் அரை மணி நேரம், திண்ணையில், பழைய பாண்டுச் சட்டியில் ஆற்று மணலும் தனியே எடுத்து வைத்த சில பொம்மைகளும். கைப்பேசி அணைந்திருக்கும். மூன்றாவது வாரமோ நான்காவதோ, அப்பா பொம்மையை பஸ்ஸில் ஏற்றினான். சின்னப் பொம்மையை பஸ்ஸுக்குப் பின்னால் மணலில் இழுத்துக்கொண்டே போனான். “இனிமே அழ மாட்டேன், போகாதே. இனிமே அழ மாட்டேன், போகாதே.”

எனக்கு அந்த இரவு நினைவுக்கு வந்தது. ஓடு பறக்கும் சத்தத்தில் அவன் வீரிட்டபோது, அவனை அடக்க என் கணவர் “அழுதால் உன்னை விட்டுவிட்டுப் போய்விடுவேன்” என்றார். எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். சொன்னபடியே அப்பா போய்விட்டதாக இந்தப் பிள்ளை ஐந்து மாதம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் காற்றைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அழுகையை அடக்கிக்கொண்டு, கற்றுக்கொடுத்தபடி, “தான் அழுததால்தான் அப்பா போனார் என்று அந்தத் தம்பி நினைக்கிறான்” என்று மட்டும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தான். பிறகு பஸ்ஸைத் திருப்பி ஓட்டினான். மேடத்திடம் கேட்டுக்கொண்டு, அந்த வாரமே அப்பாவைத் தொலைபேசியில் பேச வைத்தேன். தென்னை விழுந்ததால் வேலைக்கு வந்தேன், நீ அழுததால் இல்லை என்று அவர் மூன்று முறை சொன்னார்.

மறுநாளே மாறிவிடவில்லை. கடிப்பது இரண்டு மாதத்தில் நின்றது, படுக்கை நனைவது நிற்க ஏழு மாதம் ஆனது. வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம், ஏறக்குறைய முப்பது முறை போனோம். நான்கைந்து முறை போய்விட்டு நிறுத்துவதாக இருந்தால் யோசித்துத் தொடங்குங்கள். காது கேட்பது, பேச்சு, கற்றல் இவற்றில் குறை இருக்கிறதா என்றும் முதலில் பார்த்துவிடுங்கள். அவற்றுக்குத் தனிப் பயிற்சி வேண்டும், இது மட்டும் போதாது. அரசின் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் கட்டணமில்லாமல் பரிசோதிக்கலாம். யாரிடம் பேசுவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். சிகிச்சை தருபவர் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

மகள் அறையை விட்டு வெளியே வந்ததும் “என்ன விளையாடினாய்?” என்று மட்டும் கேட்காதீர்கள். நாங்கள் பேருந்து நிலையத்தில் ஆளுக்கொரு பன் வாங்கிக்கொண்டு பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிடுவோம். அவனாகப் பேசினால் கேட்பேன். பேசாத நாளில் ஒரத்தநாடு தாண்டும் முன் என் மடியில் தூங்கிவிடுவான்.