பயங்கரவாத வழக்கில் பிடிபட்டவர்களுக்கு எதற்கு வக்கீலும் சாதாரண நீதிமன்றமும்? ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி உடனே தண்டித்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் ராயபுரம் வீட்டுக்கு மீன் குழம்பு சாப்பிட வரும் என் மச்சானும் இதையேதான் கேட்பான். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன். “கையும் களவுமாகப் பிடித்தவனுக்கு எதற்கு மாமா வக்கீல்?” இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் குமாஸ்தா. சோறு போடுகிற தொழிலைச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே வம்புக்கு இழுப்பதில் அவனுக்கு ஒரு மகிழ்ச்சி.

கையும் களவுமாகப் பிடிபட்டவன் என்றால் கசாப். துப்பாக்கியோடு ரயில் நிலையத்தில் நடந்த படத்தை நாடே பார்த்தது. 2008 நவம்பர் 26-இல் மும்பைத் தாக்குதல். ஆர்தர் ரோடு சிறைக்குள்ளேயே சிறப்பு நீதிமன்றம் அமைத்தார்கள். 2010 மே மாதம் மரண தண்டனை. 2011-இல் மும்பை உயர் நீதிமன்றமும் 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் தூக்கு. வக்கீல் வைத்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, இரண்டு மேல்முறையீடும் கேட்டு, கருணை மனுவையும் நிராகரித்து, எல்லாமே நான்கு ஆண்டுக்குள். எங்கள் அலுவலகத்தில் வாடகை பாக்கி வழக்கு ஒன்று அதைவிட அதிக நாள் ஓடியிருக்கிறது.

அதே கூண்டில் கசாப்போடு இன்னும் இருவர் நின்றார்கள் என்பது பலருக்கு நினைவில்லை. ஃபஹீம் அன்சாரி, சபாவுதீன் அகமது. தாக்குதலுக்கு முன்பே மும்பையின் வரைபடங்களைத் தயாரித்துக் கொடுத்ததாக அவர்கள் மீது குற்றச்சாட்டு. அந்த வரைபடங்களில் ஒன்று, சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவனின் கால்சட்டைப் பையில் கிடைத்ததாகச் சொன்னார்கள். கால்சட்டையோ ரத்தத்தில் நனைந்திருந்தது. காகிதத்தில் ரத்தக் கறை இல்லை, கசங்கவும் இல்லை. நீதிபதி அதைக் கவனித்தார். இருவரும் விடுதலை, உச்ச நீதிமன்றம் வரை அந்த விடுதலை நின்றது. நாடு முழுக்க ஆத்திரத்தில் இருந்தபோது ஒருவர் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாரே, நீங்கள் “எதற்கு” என்று கேட்கும் விசாரணை அதுதான்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று, இப்போது நடப்பில் இல்லாத தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ஒருவர் பாக்கியில்லாமல் 26 பேருக்கும். தடாவில் மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் என்ற படியே இருக்கவில்லை. நேராக உச்ச நீதிமன்றம்தான். மறு ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மரணத்தை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது, 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்தக் குற்றத்துக்குத் தடா பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. “உடனே” தண்டித்திருந்தால் அந்த 19 பேரை எங்கே போய்த் தேடுவது?

மிஞ்சியவர்களில் பேரறிவாளன் பிடிபட்டபோது வயது 19. அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, 9 வோல்ட் பாட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாதாரணச் சட்டத்தில் செல்லாது; தடாவில், எஸ்.பி. நிலை அதிகாரி எழுதினால் செல்லும் என்றிருந்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார்: பாட்டரி எதற்கு என்று தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் பதிவு செய்யவில்லை என்று. ஒரு வாக்கியம் விடுபட்டது. 2014-இல் மரண தண்டனை ஆயுளாக மாறி, 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது முப்பது ஆண்டுகள் போயிருந்தன. ஸ்ரீபெரும்புதூரில் அன்று ராஜீவோடு செத்தவர்களின் வீடுகளில் இந்த விடுதலை எப்படி வலித்திருக்கும் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. அந்த வலிக்கும், விடுபட்ட வாக்கியத்துக்கும் ஒரே பதில் என்னிடம் கிடையாது.

ராணுவ நீதிமன்றம் வேகமானது என்பது வெறும் நம்பிக்கை. அமெரிக்கா செய்து பார்த்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் மூளை எனப்படும் காலித் ஷேக் முகமது 2003-இல் பிடிபட்டார். சாதாரண நீதிமன்றம் வேண்டாம் என்று, கியூபாவில் அமெரிக்கா வைத்திருக்கும் குவாண்டனாமோ சிறையில் ராணுவ ஆணையம். இருபது ஆண்டு கடந்தும் அங்கே தீர்ப்பு வரவில்லை. சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்களை என்ன செய்வது என்ற முடிச்சிலேயே ஆண்டுகள் கரைந்தன. அதே குவாண்டனாமோவிலிருந்து நியூயார்க்கின் சாதாரண நீதிமன்றத்துக்கு வந்த கைலானி மீது, 1998-இல் ஆப்பிரிக்காவில் அமெரிக்கத் தூதரகங்களுக்குக் குண்டு வைத்த வழக்கில், 285 குற்றச்சாட்டுகள். 2010-இல் ஜூரி 284-ஐத் தள்ளிவிட்டு ஒன்றில் மட்டும் குற்றவாளி என்றது. “பார்த்தீர்களா, விட்டுவிட்டார்கள்” என்று அங்கேயும் கூச்சல். அந்த ஒன்றுக்குக் கிடைத்தது ஆயுள் சிறை.

என் மச்சானிடம் நான் ஒத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: நம்முடைய தாமதம் கேவலமானது. ஆனால் அது எதிரியின் உரிமையால் வருகிற தாமதம் என்று நினைக்காதீர்கள். (நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்றே பெயர். விசாரிக்கும் முன்பே எதிரி. யார் வைத்தார்களோ.) இன்றைய பயங்கரவாத வழக்குகளுக்கான உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாள் வரை போகலாம். பிறகு 43-டி(5) பிரிவு: குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினால் ஜாமீன் கிடையாது. ஜாமீன் கட்டத்தில் சாட்சியங்களை ஆழமாக எடை போடக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணை முடிவே தெரியாமல் நீண்டால் ஜாமீன் தரலாம் என்று 2021-இல் அதே நீதிமன்றம் கொஞ்சம் கதவைத் திறந்தது. 1998 கோவை குண்டுவெடிப்பில் 58 பேர் செத்தார்கள். பலர் தண்டனை பெற்றார்கள். அதே வழக்கில் கேரள அரசியல்வாதி மதானி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டு 2007-இல் விடுதலையானார். தண்டனை முதலில், தீர்ப்பு பிறகு.

எங்கள் சீனியர் இப்படி ஒரு வழக்கில் பதினோராவது எதிரிக்கு ஆஜரானார். எந்த வழக்கு என்பது வேண்டாம். வக்காலத்தில் கையெழுத்து வாங்கப் பாரிமுனையில் செங்குன்றம் பஸ் ஏறிப் புழல் சிறைக்கு நான்தான் போனேன். வியாசர்பாடிப் பையன், செல்போன் பழுது பார்க்கிறவன். குற்றப்பத்திரிகைக் கட்டு அவனிடம் இருந்தது, முழுக்க ஆங்கிலம். அவனுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். தன்னிடம் கைப்பற்றியதாக எழுதியிருக்கும் போன் எந்த நிறம் என்று மட்டும் கேட்டான். போலீஸ் பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜரைத் தேடி எடுத்துக் கருப்பு என்று படித்துச் சொன்னேன். பொருள் பட்டியலில் அதே போன் நீலம்.

“என்னுடையது வெள்ளை, அண்ணா” என்றான்.

அந்தக் கேள்வியைச் சாட்சிக் கூண்டில் இருந்த அதிகாரியிடம் எங்கள் சீனியர் கேட்பதற்கு மூன்று ஆண்டும் எட்டு மாதமும் ஆயின. அதுவரை மாதம் ஒருமுறை பையனின் அம்மா எங்கள் படியேறி வந்து, அடுத்த வாய்தாத் தேதியை என்னிடம் கேட்டு, சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.