தம்பிக்கு மூளைத் தூண்டல் சிகிச்சை செய்யலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. பாலிடெக்னிக்கில் படித்த காலத்திலேயே ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோய் தொடங்கிவிட்டது. சாமி கும்பிடும்போது தகாத எண்ணம் வருகிறது என்று சொல்லித் திரும்பத் திரும்பக் குளிப்பான். இப்போது ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் குளியலறையிலேயே போகிறது. வேலையையும் விட்டுவிட்டான். இரண்டு மருந்துகள் மாற்றிக் கொடுத்தும் பயனில்லை. “மூளைக்கு மின்சாரம் கொடுத்துக் குணப்படுத்துகிறார்களாம். எனக்கும் அதைச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் இப்படி வாழ்ந்து என்ன பயன்?” என்கிறான். ஷாக் வைத்தால் பிள்ளையின் புத்தி மழுங்கிவிடும் என்று அம்மா அழுகிறார். நாங்கள் என்ன செய்வது, டாக்டர்?
— வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது, “இப்படி வாழ்ந்து என்ன பயன்?” என்ற வரி. இன்றே தம்பியிடம் தனியாக உட்கார்ந்து, உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் அவசர சிகிச்சைப் பிரிவு இரவு பகலாக இயங்குகிறது. தற்கொலைத் தடுப்புக்கு உதவும் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 என்ற எண்ணையும் எந்நேரமும் அழைக்கலாம்.

அடுத்து அம்மாவின் அச்சம். அவர் நினைக்கும் ஷாக் சிகிச்சை வேறு, தம்பி கேட்பது வேறு. ஷாக் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து, சில நொடிகள் வலிப்பை வரவழைப்பார்கள். அது கடுமையான மனச்சோர்வு போன்ற நோய்களுக்கு உதவுகிறது. ஓசிடிக்கு அது வழக்கமான சிகிச்சை அல்ல.

ஓசிடிக்கு மூளைத் தூண்டல் என்று சொல்லப்படுபவை முக்கியமாக இரண்டு. ஒன்றில் கத்தியே படாது. நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருப்பவரின் தலைமேல் காந்தச் சுருளை வைத்து, மூளையின் குறிப்பிட்ட பகுதிக்குக் காந்தத் துடிப்புகளைச் செலுத்துவார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஆறு வாரம் இது தொடரும். ஆழமாக ஊடுருவும் வகையை ஓசிடிக்குப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் அனுமதித்தது. 2019இல் வெளியான ஆய்வில் இச்சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு நோயின் கடுமை குறைந்தபட்சம் 30 விழுக்காடு தணிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிகிச்சைபோலவே செய்த பொய்த் தூண்டலைப் பெற்றவர்களிடம் அது நூற்றுக்கு 11 பேர். தலைவலி வரலாம், வலிப்பு வருவது மிக அரிது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் தலைக்குள் உலோகம் பொருத்தியிருப்பவர்களுக்கும் பொதுவாக இது ஏற்றதல்ல.

இரண்டாவது அறுவை சிகிச்சை. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைகளை வைத்து, மார்புத் தோலுக்கடியில் பொருத்திய பேட்டரியுடன் இணைப்பார்கள். நடுக்குவாத நோயாளிகளுக்குச் சிங்கப்பூரிலும் செய்யப்படும் அதே முறைதான். ஓசிடிக்கு இதை முதலில் செய்துபார்த்தவர்கள் பெல்ஜியம் மருத்துவர்கள். அவர்களின் கட்டுரை 1999இல் வந்தது. அமெரிக்கா 2009இல் மிகக் கடுமையான ஓசிடிக்கு மட்டும் சிறப்பு அனுமதி கொடுத்தது. வேறு எதற்கும் அசையாத நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இதனால் நல்ல பலன் கிடைத்திருக்கிறது என்பது சாதாரண செய்தி அல்ல. ஆனால் மூளைக்குள் இரத்தக்கசிவு, கிருமித்தொற்று, அளவுமீறிய உற்சாகம் போன்ற ஆபத்துகள் உண்டு. பேட்டரி தீர்ந்தால் நோய் திரும்பலாம். அதனால் பல ஆண்டுகள் நோய் நீடித்து, பல மருந்துகளும் முறையான மனப்பயிற்சியும் தோற்ற பிறகே இதைப் பற்றிப் பேசுவார்கள்.

தம்பி அந்த இடத்துக்கு வந்துவிட்டாரா? உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், இன்னும் இல்லை என்றே நினைக்கிறேன். இரண்டு மருந்துகள் என்கிறீர்கள். எவ்வளவு அளவில், எத்தனை வாரம்? மனச்சோர்வுக்குத் தருவதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு வேண்டும். செர்ட்ரலின் என்ற மருந்தை 50 மில்லிகிராமில் தொடங்கினால், தேவைக்கேற்பப் படிப்படியாக 200 வரை போகலாம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்கு முன்பே நிறுத்தியிருந்தால் அதைத் தோல்வி என்று கணக்கில் எழுத முடியாது. குளோமிப்ரமின் என்ற பழைய மருந்தும் இருக்கிறது. துணை மருந்து சேர்க்கும் வழியும் இருக்கிறது. இவற்றை மருத்துவர்தான் கூட்ட வேண்டும், நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. மனப்பயிற்சி பற்றி ஒரு சொல்கூட இல்லை. பேசி ஆறுதல் சொல்லும் ஆலோசனையை நான் சொல்லவில்லை. அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொண்டு, திரும்பத் திரும்பக் குளிப்பது போன்ற சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகும் பயிற்சியைச் சொல்கிறேன். தம்பி விளக்கேற்றிச் சாமி முன் நிற்பார். தகாத எண்ணம் வரும், வரட்டும். குளிக்கப் போகாமல் அங்கேயே நிற்பார். பதற்றம் உச்சத்துக்கு ஏறினாலும், அதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்று மனம் மெல்லக் கற்கும். இது தெய்வ நிந்தனை செய்யச் சொல்வதல்ல. எல்லோரும் கும்பிடுவதுபோல் கும்பிட்டுவிட்டு வருவதுதான். அந்த எண்ணம் தம்பியின் ஆசையும் அல்ல, குணமும் அல்ல. சாமி மேல் மதிப்பு இருப்பதால்தான் அது அவரை இவ்வளவு வதைக்கிறது. இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகளில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காந்தத் தூண்டலிலும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் தொடங்கும்முன் நோயாளியின் அச்சத்தைச் சற்றே தூண்டிவிட்ட பிறகே சுருளை இயக்குகிறார்கள். ஆழ்மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பயிற்சி தேவைப்படுவது உண்டு. மின்சாரம் எல்லாவற்றையும் முடித்துவைக்கும் என்று தம்பி எதிர்பார்த்தால், அந்த எதிர்பார்ப்பே அவரை இன்னொரு முறை உடைத்துவிடும்.

வீட்டில் ஒன்று கவனியுங்கள். குளித்தது போதுமா என்று அவர் கேட்க, அம்மா ‘போதும்ப்பா, சுத்தமாகிவிட்டாய்’ என்று பதில் சொல்லி வருகிறாரா? துண்டு, சோப்பு எடுத்துக் கொடுத்துக் கதவருகே காத்திருக்கிறாரா? அது பாசம்தான். ஆனால் அந்தப் பதிலும் சடங்கின் ஒரு பகுதியாகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் வீட்டில் போர் மூளும். சிகிச்சையாளரோடு பேசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

தாமதமாகிவிட்டதே என்று வருந்தாதீர்கள். 2016ஆம் ஆண்டு சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி இங்கு 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஓசிடி வருகிறது. உதவி நாட ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகிவிடுவதையும் அதே ஆய்வு காட்டியது. வீட்டுக்குள் மறைத்து வைத்த குடும்பங்கள் நம்மைச் சுற்றி எத்தனையோ.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது இதுவரை எடுத்த மருந்துகளின் பெயர், அளவு, காலம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஓசிடியின் கடுமையை அளக்கும் யேல்-பிரௌன் அளவுகோலில் தம்பியின் மதிப்பெண் 40க்கு எவ்வளவு என்று கேளுங்கள். இந்தப் பயிற்சியில் தேர்ந்த உளவியலாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அதோடு காந்தத் தூண்டலைப் பற்றியும் கேளுங்கள். சிங்கப்பூரில் மனச்சோர்வுக்கு அது பயன்பாட்டில் இருக்கிறது, தம்பிக்குப் பொருந்துமா என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல முடியும். அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; ஷாக் பற்றிய கேள்வியை மருத்துவரிடம் அவர் வாயாலேயே கேட்கட்டும்.