விழிப்புலனற்ற பிள்ளைகளின் பாடசாலையில் ஆளுநர் சபை உறுப்பினருக்கு என்ன வேலை?

கொழும்புக்கு அருகில் பார்வைக் குறைபாடுடைய பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பாடசாலையொன்றின் ஆளுநர் சபையில் சேருமாறு உங்களை அழைத்திருக்கிறார்கள் என்றும், கல்வித்துறையிலோ, விரலால் தடவி வாசிக்கும் புள்ளியெழுத்தாகிய பிரெய்லிலோ பயிற்சி இல்லாத நீங்கள் அங்கே போய் என்ன செய்ய முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஓய்வுபெற்ற கணக்காளர்; வெள்ளவத்தையில் வசிக்கிறேன். 2017 முதல் 2023 வரை ஆறு ஆண்டுகள் அப்படியொரு சபையில் இருந்தேன். அது சிறிய பாடசாலை. 1912 இல் மேரி சப்மன் அம்மையாரால் ஆரம்பிக்கப்பட்டு இன்று இரத்மலானையில் இயங்கிவரும் பழம்பெரும் பாடசாலையைப் பலரும் அறிவார்கள். நான் சொல்லப்போவது அதைப் பற்றியன்று.

பாடசாலையை நடத்துவது அதிபரின் பொறுப்பு. வரவுசெலவை அங்கீகரிப்பது, கணக்காய்வு அறிக்கையைப் படிப்பது, விடுதிப் பிள்ளைகளின் பாதுகாப்பை உறுதிசெய்வது, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்பது ஆகியவையே சபையின் பொறுப்பு. இதை எந்தச் சபை உறுப்பினரும் உங்களுக்குச் சொல்வார். பார்வையுள்ளவர்களாகிய நாம் யோசிக்காமல் செய்யும் காரியங்கள் அந்தப் பிள்ளைகளின் படிப்பை எப்படிக் கெடுக்கின்றன என்பதைத்தான் அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

முதலாம் ஆண்டின் இறுதியில் பொருட்கணக்கெடுப்புக்காகக் களஞ்சிய அறைக்குள் போனேன். தமிழ்மொழிமூலப் பிள்ளைகள் எங்களிடம் மிகச் சிலரே. மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருந்தவர்கள். அவர்களின் பிரெய்ல் பாடநூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்கப்பட்டு, அவற்றின்மேல் பழைய தட்டச்சு இயந்திரமொன்றும் வைக்கப்பட்டிருந்தது. ஒழுங்காக அடுக்கியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். எண்ணிக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுவாரம் அவற்றில் ஒரு தொகுதியை மடியில் விரித்து வாசித்துக்கொண்டிருந்த எட்டாம் தரச் சிறுமியின் அருகில் உட்கார்ந்திருந்தேன். வரியில் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்த விரல் ஒரு சொல்லில் நின்றது. திரும்பிப் போய் மீண்டும் தடவியது. "மாடம்" என்று வாசித்தாள். பிறகு தலையை அசைத்து, "இல்ல சேர், இது பாடம். இதில புள்ளி செத்துப்போச்சு" என்றாள்.

பிரெய்லில் ஓர் எழுத்துக் கட்டத்துக்கு ஆறு புள்ளிகள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும், வலப்பக்கம் 4, 5, 6 என்றும் எண்ணுவார்கள். தமிழ்ப் பிரெய்லில் பகரத்துக்கு 1, 2, 3, 4 ஆகிய புள்ளிகளும், மகரத்துக்கு 1, 3, 4 ஆகிய புள்ளிகளும் எழும்பி நிற்கும். இரண்டாம் புள்ளி அழுந்திப்போனால் பகரம் மகரமாகிவிடும். படுக்கவைத்த நூல்களின் பாரம் அந்தப் புள்ளிகளைத்தான் நசுக்கியிருந்தது. பிரெய்ல் நூலை நிமிர்த்தி நிறுத்திவைக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அன்றாடம் எடுக்கப்படும் சிங்கள நூல்கள் தட்டுகளில் சரியாகத்தான் நின்றன. குறைந்த பேர் வாசிக்கும் நூல்களுக்குத் தட்டில் இடம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். மரத்தட்டுச் செய்ய ஆன செலவு மிகச் சிறியது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு அந்தப் பிள்ளைகள் படித்த காலத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்த அறைக்குள் போயும் நான் அதைக் காணவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

நூலின் கனத்தையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். வழக்கமான பெரிய பிரெய்ல் தாளில் வரிக்கு 40 கட்டங்கள், பக்கத்துக்கு 25 வரிகள். தமிழில் கா, கி, கு போன்ற உயிர்மெய் ஒவ்வொன்றும் இரண்டு கட்டங்களை எடுத்துக்கொள்ளும். ஆகவே நாம் ஒரு கையில் பிடிக்கும் பாடநூல் அங்கே பல தொகுதிகளாகிவிடும். தாளும் சாதாரணத் தாளைவிடத் தடித்தது, விலை கூடியது. 2022 இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு வருடாந்த மலர் அச்சிடுவதை நிறுத்தி, அந்தப் பணத்தைப் பிரெய்ல் தாளுக்கு மாற்ற வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். மலரில் விளம்பரம் கொடுப்பவர்களின் மனம் கோணும் என்று சிலர் தயங்கினார்கள். நீண்ட விவாதத்தின் பின்னரே அது நிறைவேறியது. கணக்குப் படித்தவர் அங்கே எதற்கு என்று நீங்கள் கேட்பீர்களானால், இதற்காகத்தான்.

கொடையாளர் விடயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பிறந்தநாள், திதி என்று மதியச் சாப்பாடு கொடுக்க வருபவர்கள் நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள்; அவர்களின் உதவி இல்லாமல் எங்கள் விடுதிச் சமையலறை நடந்திராது. ஆனால் அவர்கள் வரும் நாட்களில் மூன்றாம், நான்காம் பாடவேளைகளில் பிள்ளைகளை மண்டபத்துக்கு அழைத்து, வரிசையாக நிறுத்திப் பாடவைத்துப் படம் எடுப்பது வழக்கமாகியிருந்தது. ஒரு தவணையில் இப்படி இழக்கப்பட்ட பாடவேளைகளை எண்ணிச் சபையின் முன் வைத்தேன். சாப்பாட்டை ஏற்போம், வகுப்பைக் கலைக்க மாட்டோம், பாடுவதும் படத்துக்கு நிற்பதும் பிள்ளையின் விருப்பம் என்று தீர்மானித்தோம். ஒரு குடும்பம் அதன்பின் வருவதை நிறுத்திவிட்டது. அதற்காக நான் அந்தத் தீர்மானத்தை விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன், இன்றும் மாட்டேன்.

விடுதிப் பாதுகாப்பில் சட்டதிட்டங்கள் உண்டு. 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை அழைக்கலாம் என்பதும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆனால் அறைக்குள் யார் நிற்கிறார் என்று பார்க்க முடியாத பிள்ளைக்கு, உள்ளே வருபவர் எவராயினும் வாசலிலேயே தம் பெயரைச் சொல்ல வேண்டும், போகும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற விதிதான் முதற்காவல். அதைச் சபைத் தலைவரும் கடைப்பிடிக்க வேண்டும்.

அந்த விதியை எங்களிடம் கொண்டுவந்தவர் சபையில் இருந்த ஒரேயொரு பார்வையற்ற உறுப்பினர். நான் கலந்துகொண்ட முதற்கூட்டத்தில் கூட்டக் குறிப்புகளையும் கணக்கறிக்கையையும் மேசையில் வைத்து எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள், அவருக்கும் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதற்கு வாக்களிக்கிறோம் என்பதைப் பிறர் வாசிக்கக் கேட்டே அறிந்தார். பிறகு அவர் கேட்டுக்கொண்டதன்படி, ஒரு வாரத்துக்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கினோம். முதலில் அனுப்பியது ஸ்கேன் செய்த படம். அவருடைய கணினியில் இருந்த, திரையிலுள்ள எழுத்தைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான் அதில் எழுத்து எதையும் காணவில்லை. தட்டச்சு செய்த வேர்ட் கோப்பாக அனுப்பிய மாதத்தில், எங்களில் எவரும் கவனிக்காத கூட்டல் பிழையொன்றை அவரே கண்டுபிடித்தார். அந்த அறிக்கையை நானும் சரிபார்த்திருந்தேன்.

ஆகவே சம்மதம் சொல்லுமுன் பரிசளிப்பு விழாவுக்குப் போகாதீர்கள். சாதாரண வகுப்பு நாளொன்றில் போய் ஒரு பிள்ளையின் அருகே அமர்ந்து, அது வாசிப்பதைக் கேளுங்கள். களஞ்சிய அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அந்தச் சபையில் பார்வையற்றவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால், உங்களுக்கென்று வைத்திருக்கும் இடத்தோடு இன்னோர் இடத்தையும் கேட்டு, இரண்டு பேராகச் சேருங்கள்.