கொங்கு நாட்டுக் கரடுகளின் செடி கொடிகள்: கேள்வி பதில்

கேள்வி (பெருந்துறை): அண்ணா, இமயமலைப் பாறை முகடுகளில் ஓக் காடு இருக்காம். நம்ம சென்னிமலை, சிவன்மலையில ஓக் உண்டுங்களா?

இல்லைங்க. ஓக் இனம் தென்னிந்தியாவில் தானாக வளர்வதில்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். நம்ம கரட்டுக்கு, அதாவது பாறைக் குன்றுக்கு, சொந்தக்காரர்கள் வெள்வேலா, கிளுவை, தலைக்குத் தேய்க்கும் அரப்புக்கு இலை தரும் உசிலை இவங்கதான்.

கேள்வி (காங்கயம்): சித்திரையில் கரடே செத்துப்போன மாதிரி இருக்குதுங்க. எப்படித் திரும்பத் துளிர்க்குது?

நம்ம பக்கம் மலை மறைவு. தென்மேற்கு மழை பெரும்பாலும் மேற்கு மலையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. ஆனால் பாறையில் விழுந்த மழை அங்கே நிற்காது. வழிந்து வெடிப்புக்குள் இறங்கும். ஒரு பெரிய பாறைப் பரப்பின் தண்ணீர் முழுக்க ஒரே இடுக்கில் சேரும். அந்த இடுக்கைப் பிடித்த வேர் பிழைத்துக்கொள்ளும்.

மேலே நின்று பாருங்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கும். கிளுவை முதல் வேலையாக இலையை உதிர்த்துவிடும். பாறையில் நிற்கும் பெரிய கிளுவையின் பட்டை மெல்லிய தாளாக உரியும். உரிந்த இடத்தில் பளிச்சென்று பச்சை தெரியும். இலை இல்லாத மாதங்களில் அந்தப் பச்சைதான் வெயிலை வாங்கி உணவு செய்கிறது. விராலி இலையைத் தடவினால் விரல் பிசுபிசுக்கும். அந்தப் பிசின் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. சதுரக்கள்ளி பகல் முழுக்க மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறக்கும். எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் இல்லைங்க.

கேள்வி (தாராபுரம்): சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் ஒண்ணுதானே?

இல்லவே இல்லை. சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வரும், முள் ஜோடி ஜோடியாக இருக்கும். நம்ம மண்ணின் செடி. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி, பால் கிடையாது. கள்ளிப்பால் கண்ணில் படாமல் பார்த்துக்குங்க.

கேள்வி (ஊத்துக்குளி): பாறை இடுக்கில் விரலளவு பனங்கன்று மாதிரி ஒரு செடி. கோடையில் சுருண்டு கருகி, மழை பெஞ்சதும் பச்சையாயிடுது. வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

அது மயில்சிகைன்னு சொல்ற பெரணி. அது சாகவில்லை, ஈரம் முழுக்க வற்றினாலும் தாங்கிக் கிடக்கும். தயவுசெய்து பிடுங்காதீங்க. அந்த இடுக்கில் இருக்கிற கைப்பிடி மண்ணும் வேரோடு வந்துவிடும், அடுத்து அங்கே எதுவும் முளைக்காது.

கேள்வி (அரச்சலூர்): ஊர்க் கரட்டில் இளைஞர்கள் சேர்ந்து மரம் நடப்போறோம். என்ன கன்று வாங்கலாம் அண்ணா?

நல்ல மனசு தம்பி. ஆனால் கரட்டு மேலே குழி வெட்டாதீங்க. இருக்கிற கொஞ்ச மண்ணும் முதல் மழையிலேயே அரித்துப் போகும். முதலில் தீ வைப்பதையும், ஆடு மேய்வதையும் சில வருஷம் நிறுத்திப் பாருங்க. வெட்டுப்பட்ட உசிலைக் கட்டையிலிருந்தே தளிர் வரும். சூரைப் பழம் தின்ற பறவை விதை போடும். கன்று நட்டே ஆகணும்னா அடிவாரத்தில் வேம்பு, வெள்வேலா வையுங்க. சுற்றிலும் முள்கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) ஊன்றினால் உயிர்வேலி ஆகிவிடும், கம்பிச் செலவும் மிச்சம்.

கேள்வி (சென்னிமலை): பொங்கலுக்குக் காப்புக்கட்டப் பூளைப்பூவை வேரோட பறிக்கலாமுங்களா?

கொத்தை மட்டும் ஒடிங்க, போதும். ஆவாரமும் அப்படித்தான்.